நூற்று நாற்பத்து நான்காவது வார்த்தை

லிப்ட் அக்கா குழந்தைகள் முன்னால் கெட்ட வார்த்தை பேசிவிட்டார் என்ற செய்தி வந்து சேர்ந்தபோது நான் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் இரண்டு பஞ்சு உருண்டைகள், ஓர் உறிஞ்சுகுழாய், டாக்டரின் மூன்று விரல்கள்.

சொன்னது டாக்டருக்கு உதவியாக நின்ற பெண். அவளுக்கு அவள் நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்கு, பிள்ளையை நாலாம் வகுப்பில் படிக்கவைக்கும் யாரோ ஓர் அம்மா சொன்னது.

"வல்லூறு குரூப் தெரியும்ல மேடம்? அதை நடத்துற லிப்ட் அக்கா இன்னிக்கு நேரலையிலயே பச்சை பச்சையா திட்டிட்டாங்களாம். பத்து நிமிஷமாம்!"

"பத்து நிமிஷமா?"

"நாத்தனார் பத்துன்னாங்க. அவங்களுக்குச் சொன்னவங்க அஞ்சுன்னு சொன்னாங்களாம்."

"யாரைத் திட்டினாங்க? பிள்ளைங்களையா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"ஆ... ஆவ்... ஆ!" என்றேன் நான்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர். பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

எனக்கு வலிக்கவில்லை. அந்தக் குழுவுக்கு இரண்டே நிர்வாகிகள். ஒருவர் அக்கா, இன்னொருவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பல்லை அடைத்து முடித்ததும், பாதி முகம் யாருடையதோ போல் தொங்க, நாலு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். கைப்பேசியைத் திறந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள். எதையும் படிக்கத் தைரியமில்லை. பிழைக்க வந்த ஊரில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்: தபால்பெட்டியில் கிடக்கும் அரசாங்க நீல உறை, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, "உங்களோடு ஒரு நிமிடம் பேசலாமா" என்று தொடங்கும் எதுவும். ஆனாலும் ஒன்றை மட்டும் பார்த்தேன். சிவப்பு எழுத்தில், காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு: *நாலாம் வகுப்பு டீச்சர் வெளியேறினார்.*

நடந்தது என்ன என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பதினான்காம் மாடியில் குடியிருக்கிறேன். கட்டடத்துக்கு இருபத்திரண்டு மாடி, இரண்டு லிப்ட். குடிவந்த மூன்றாம் நாளே ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அவசர மணியை அழுத்தினால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க தம்பி. உள்ளே காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

நான் நடுங்கிக்கொண்டே சொன்னேன்: இயந்திரங்களின் கையேடுகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுகிறேன், வீட்டிலிருந்தே.

"அட! அப்போ இந்த லிப்டோட கையேடும் நீங்க எழுதினதா இருக்கப்போகுது. அதான் நிக்குது."

பதினைந்து நிமிடத்தில் கதவு திறந்தது. நெற்றியில் கிரீஸ் பொட்டாக ஒட்டியிருக்க, முழங்கை வரை கறுப்பாக, நாற்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். அவர்தான் லிப்ட் அக்கா. கட்டடத்தில் இருக்கும் யாருக்கும் அவருடைய வேறு பெயர் தெரியாது. எனக்கும் அன்றிலிருந்து அக்காதான்.

அக்கா பத்தொன்பது வயதில் லிப்ட் பட்டறையில் சேர்ந்தவர். பதினோரு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அங்கே திட்டு என்றால் கோபம் இல்லை, அதுவும் ஒரு கருவி. இறுகிப்போன போல்ட்டுக்கு முதலில் எண்ணெய், அப்புறம் திட்டு, அதற்கும் மசியாவிட்டால்தான் சுத்தியல். ஆறே மாதத்தில் பட்டறையிலேயே சிறந்த வாய் அவருடையது என்று பெயர் எடுத்தார். மேஸ்திரியே சிக்கலான இடத்தில் "அந்தப் பொண்ணைக் கூப்பிடு, போல்ட் அதுக்குத்தான் கட்டுப்படும்" என்பாராம்.

வீட்டில் நிலவரம் நேர் எதிர். அத்தான் தையற்காரர். பள்ளிச் சீருடைகளைப் பிள்ளைகளின் அளவுக்குப் பிடித்துக் கொடுப்பவர். முன்னறை முழுக்க ஒரே நிறத்தில் கால்சட்டைகள் தொங்கும். அவருக்குக் கோபம் வந்தால் ஊசியில் நூல் கோர்ப்பார். ரொம்பக் கோபம் வந்தால் இரண்டு ஊசியில் கோர்ப்பார். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சக் கடுஞ்சொல் "அட போம்மா."

இந்த இருவருக்கும் பிறந்த மகள் நாலு வயதில் பாலர் பள்ளிக்குப் போனாள். இரண்டாம் நாள், அடுக்கிய மரக்கட்டைக் கோபுரம் சரிந்ததும், லிப்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சக்கரத்திடம் அம்மா பேசுவதை ஒரு சொல் விடாமல், ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டாள். அக்காவை அழைத்தார்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முட்டி காதைத் தொட உட்காரவைத்தார்கள். ஆசிரியைக்கு அந்தச் சொல்லை வாயால் சொல்ல வரவில்லை. ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து நீட்டினார்.

"நான் கண்ணாடி கொண்டுவரலைங்க, நீங்களே வாசிச்சுடுங்க," என்றாராம் அக்கா, குறும்பாக.

ஆசிரியை தாளைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. "அன்னிக்குத்தான் தம்பி உறைச்சது," என்பார் அக்கா. "நான் நாள் பூரா சாதாரணமா சொல்லிட்டுத் திரியுற ஒண்ணு, அந்தம்மா வாயில நுழையவே மாட்டேங்குது. எழுதறதுக்கு மட்டும் கை நீளுது." அன்று முதல் வீட்டுவாசலில் செருப்போடு சேர்த்து வாயையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். மோட்டார் அறையில் மட்டும் பழைய வாய் இருந்தது. கேட்க இரண்டு மோட்டார்களைத் தவிர அங்கே யாருமில்லையே!

இரண்டு மாதத்துக்கு முன்பு அங்கே கேட்க ஆள் வந்தது.

மொட்டைமாடியில், மோட்டார் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டு விளிம்பு உண்டு. அதில் ஒரு வல்லூறு நாலு முட்டை இட்டிருந்தது. அக்கா என்னை எட்டு மாடி படியேறி வரச் சொன்னார். அதை அறிவிக்கும் மகிழ்ச்சியில் லிப்டையே மறந்துவிட்டார். ஜன்னல் இடுக்கில் தன் பழைய கைப்பேசியை வைத்து, இப்போது கல்லூரியில் படிக்கும் மகளிடம் கேட்டு, நேரலை போட்டார். பேசிக்கொள்ள ஒரு குழு ஆரம்பித்தார். முதலில் கட்டடத்துக்காரர்கள் முப்பது பேர். முட்டை பொரிந்த வாரம் எண்ணூறைத் தாண்டியது. பின் ஒரு நாள் ஓர் ஆசிரியை எழுதினார்: *எங்கள் நாலாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். தினமும் பத்தரைக்குச் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்க்கிறோம். பக்கத்தில் உங்கள் செய்திகளையும் வாசிக்கிறார்கள். நன்றி.*

அக்காவுக்கு அன்று கைகால் ஓடவில்லை. "வாசிக்கிறாங்களாமே தம்பி! எல்லாத்தையுமா?"

எல்லாவற்றையும்தான். அதில் காகத்தைத் திட்டியவை, மழையைத் திட்டியவை, காகத்தைத் திட்டியவரைத் திட்டியவை எல்லாம் அடக்கம். பறவை பார்க்க வருகிறவர்கள் சாதுக்கள் என்று நினைத்திருந்தேன். குஞ்சைக் காகம் நெருங்கும்போது அவர்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மோட்டார் அறையில் உட்கார்ந்து, தானாகத் தடுக்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியல் போட்டோம். அக்கா பிரேக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, மளிகைச் சாமான் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டினேன். எனக்கு இரண்டு மொழியில் பள்ளிப்படிப்பு. இரண்டு மொழிக் கெட்ட வார்த்தைகளையும் பள்ளியில்தான் படித்தேன், என்ன, வகுப்பறைக்கு வெளியே. என் பங்குக்கு முப்பது சேர்த்தேன், காது சிவக்க. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் அக்கா. பிறகு தலையை ஆட்டினார். "வேணாம். அது பட்டறையில நானே கட்டினது. உலகத்துல வேற யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணைப் போய் எதுக்குத் தடுக்கணும்?"

பட்டியலையும் தாண்டி, நடுநடுவே புள்ளி வைத்தும் நட்சத்திரம் போட்டும் எழுதினார்கள். அதற்குத்தான் அக்கா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். திட்டி எழுதியவரை நீக்க மாட்டார். தொலைபேசியில் அழைப்பார். முதலில் மாட்டியவர் மீசை. படத்தில் முகத்தைவிட மீசை பெரிதாக இருக்கும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காகத்தின் ஏழு தலைமுறையை இழுத்திருந்தார். அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"ஐயா வணக்கம். வல்லூறு குரூப்லேர்ந்து பேசுறேன். இப்ப ஒண்ணு எழுதினீங்களே, அதைக் கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க."

"எதும்மா?"

"காக்காவைப் பத்தி."

"அது... ஒரு கோபத்துல..."

"கோபம் நியாயம்தாங்கய்யா. எனக்கும் கோபம்தான். வாசிங்க. வாசிச்சு முடிச்சிட்டீங்கன்னா அது அங்கேயே இருக்கட்டும், நான் கை வைக்க மாட்டேன்."

"நான் மார்க்கெட்ல நிக்கிறேன்மா. சுத்தி ஆளுங்க இருக்காங்க."

"நாலு பேரு இருப்பாங்களா? குரூப்ல எண்ணூறு பேரு இருக்காங்க. அதுல முப்பத்திரண்டு பேருக்கு இன்னும் எல்லாப் பல்லும் முளைக்கல."

அழைப்பை வைத்துவிட்டார். பிறகு செய்தி தானே மறைந்தது.

ஒரு மாதத்தில் நாற்பத்தொரு அழைப்புகள். ஒருவர்கூட வாசித்து முடிக்கவில்லை. ஒருவர் மட்டும் தைரியமாக முதல் எழுத்தைத் தொடங்கினார்; பின்னாலிருந்து "யாருகிட்டங்க பேசிட்டிருக்கீங்க?" என்று மனைவியின் குரல் கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மீசையைப் பிறகும் இரண்டு முறை அழைக்க வேண்டி வந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு யாரும் விலகவில்லை. குழு எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்றால், அத்தானே தையல் இயந்திரத்தின் பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொள்வார்.

அந்த அக்காவா திட்டினார்? அதுவும் பிள்ளைகளையா? நம்பவே முடியவில்லை. ஆனால் டீச்சர் விலகியது பொய்யில்லை.

மோட்டார் அறைக் கதவை இடித்துத் திறந்தேன். உள்ளே சூடும் எண்ணெய் வாசனையும். ஜன்னலோரம் ஒரு கவிழ்த்த வாளிமேல் அக்கா. இன்னொரு வாளிமேல், இடுப்பில் பாதுகாப்புப் பட்டையோடு, கண்ணாடி துடைக்கிறவர். தொங்கு தொட்டிலில் இறங்கி வெளிப்புறக் கண்ணாடிகளைத் துடைப்பது அவர் வேலை. இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்நா ஆச்சு அக்ஹா?" என்றேன். என் வாய் என் சொல்பேச்சு கேட்கவில்லை.

"உஷ்! உன் வாய்க்கு என்ன?"

"ஊசி."

"எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம் காலையில," என்றார் அக்கா.

கண்ணாடி துடைக்கிறவர்தான் நடந்ததைச் சொன்னார். ஏதோ பரிசு வாங்கியவர்போல் முகம் மலர்ந்திருந்தது. "தப்பு என்னோடது சார். இந்த வாரம் இந்தப் பக்கம் இறங்கக் கூடாதுன்னு அக்கா மேனேஜர்கிட்ட எழுதியே கொடுத்திருக்காங்க. மேனேஜர் என்கிட்ட சொல்லல. நான் பாட்டுக்கு மேலேர்ந்து தொட்டிலை இறக்குறேன். நேரா கீழே குஞ்சு நிக்குது, எனக்குத் தெரியாது. அப்போ ஜன்னல் வழியா ஒரு சத்தம் வந்தது பாருங்க... எங்கப்பாகூட என்னை இவ்வளவு விவரமாத் திட்டினதில்ல. அதுல எங்கம்மா இருக்காங்க, நான் இருக்கேன், ஒரு கழுதை இருக்கு, ஒரு வயர் ரோப் இருக்கு. கை தானா சுவிட்சை அமுக்கிடுச்சு. தொட்டில் நின்னப்போ குஞ்சுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஜாண்தான்."

"பத்து நிமிஷமா?" என்று கேட்டேன்.

"நாலு செகண்டு. ஆனா நிறைவா இருந்துச்சு."

எனக்கு விளங்காதது ஒன்றுதான். நேரலையில் ஒலியே கிடையாதே! முதல் நாளே மகள் மைக்கை மூடிவைத்துவிட்டாளே!

அக்கா தலைகுனிந்தார். "நேத்து டீச்சர் எழுதியிருந்தாங்க. குஞ்சுங்க எப்படிக் கத்தும்னு பிள்ளைங்க கேக்குதாம். பாவம், ஒரு மாசமா ஊமைப்படம் மாதிரிதானே பாக்குதுங்க. அதான் காலையில நானே மைக்கைத் தொறந்துவிட்டேன்." கிரீஸ் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எழுதுறதுக்கெல்லாம் காவல் போட்டோமே தம்பி. புள்ளி வச்சா பிடிச்சோம், நட்சத்திரம் போட்டா பிடிச்சோம். இந்த ஓட்டை வாயை யோசிச்சோமா?"

உண்மைதான். ஒரு மாதம் கண்கொத்திப் பாம்பாய் எழுத்தைக் கவனித்தோம். மைக்கைத் திறந்த கணத்திலிருந்து அந்த அறையே வகுப்பறை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது மைக்மேல் மூன்று சுற்று கறுப்பு நாடா ஒட்டியிருந்தது.

"பிள்ளைங்க என்ன பார்த்தாங்க?" என்று கேட்டேன், எச்சிலைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. "அதைத்தான் சொல்ல வர்றேன். நான் காணொளியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். குஞ்சு விளிம்புல நிக்குது. மேலேர்ந்து தொட்டில் வருது. என் சத்தம். அந்த நேரத்துல டீச்சர் சுவரை அணைச்சிருப்பாங்க, அணைக்காம என்ன செய்வாங்க? அதுங்க கடைசியா பார்த்தது தொட்டில் இறங்குனதைத்தான். குஞ்சு பின்னால குதிச்சதைப் பார்க்கல தம்பி. முப்பத்திரண்டு பிள்ளைங்க, அது நசுங்கிப்போச்சுன்னு நினைச்சிட்டு உட்கார்ந்திருக்கு!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அதோ நிற்கிறது. நாலு குஞ்சில் மூத்தது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. முட்டையிலிருந்தும் முதலில் வந்தது, தாய் கொண்டுவரும் எலியையும் முதலில் பிடுங்குவது. கழுத்தோரம் இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. விளிம்பின் நுனியில் நகங்களைப் பதித்து, இறக்கைகளை விரித்து, படபடவென்று அடித்தது. உடல் ஒரு விரல்கடை மேலே எழும்பி, மறுபடி இறங்கியது.

"இன்னிக்குத்தான்," என்றார் அக்கா, மூச்சுவிடாமல். "காலையிலேர்ந்து இதே கதைதான். எதிர்க் கட்டடத்துல தாய் உட்கார்ந்து கூப்பிடுது. இது போகப்போகுது. ஒரு தடவைதான் போகும். ரெண்டாவது தடவை போனா அது முதல் தடவை இல்லையே!"

"மெசேஜ் போடுங்க. உயிரோட இருக்குன்னு."

"நான் எழுத மாட்டேன். ஒரு மாசமா ஊரையே வாயால சொல்லுன்னு சொல்லிட்டு, என் முறை வந்ததும் எழுதிட்டு ஒளிஞ்சுக்கவா?"

அவருக்குத் தெரியாமல் என் கைப்பேசியிலிருந்து டீச்சருக்கு நானே ஒன்று அனுப்பினேன்: *குஞ்சு நலம். திரையைப் போடுங்கள்.* ஒற்றை டிக்கோடு நின்றது. வல்லூறு நேரம் முடிந்ததும் அவர் இணையத்தை அணைத்துவிடுவார், இடைவேளையில்தான் மறுபடி போடுவார்; எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கைப்பேசி அலறியது. மூவரும் துள்ளி எழுந்தோம். டீச்சர் இல்லை. மீசை.

ஒலிபெருக்கியில் அவர் குரல் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் இருந்தது. "என்னம்மா! மூணு தடவை என்னைக் கூப்பிட்டீங்களே! இன்னிக்கு நான் கூப்பிடுறேன். காலையில ஒண்ணு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க பார்ப்போம்!"

அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சரிங்கய்யா. நியாயம்தான். வாசிக்கிறேன். ஒலிபெருக்கியில போடுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடேய்..."

"ஐயோ வேணாம்மா, வேணாம்! பேரன் பக்கத்துல இருக்கான்!"

"எத்தனாவது படிக்கிறான்?"

"நாலாவது... அந்த டீச்சர் வகுப்புதான், இன்னிக்கு லீவு போட்டுட்டான். காய்ச்சல். அவனும் பார்த்தான். காலையிலேர்ந்து அழுதுட்டிருக்கான்மா." மீசையின் குரல் இறங்கியிருந்தது. "திட்டினதுக்கு இல்ல. அதை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டான், நல்லாவே சொல்றான். அவன் அழறது அந்தக் குஞ்சுக்காக. நான் அப்பவே அணைச்சிட்டேன், பார்க்க வேணாமேன்னு."

"இருக்குய்யா!" என்று கத்தினார் அக்கா. "குஞ்சு இருக்கு! போட்டுவிடுங்க, அவன்கிட்ட காட்டுங்க!"

மறுமுனையில் நாற்காலி உருண்டது, ஒரு கதவு, பிறகு ஒரு பொடியனின் கூச்சல். அது அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. கண்ணாடி துடைக்கிறவர் சட்டைக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மீசை மூச்சுவாங்க மறுபடி வந்தார்.

"அம்மா... எனக்கு வாசிக்க வேணாம். என்கிட்ட வாசிச்சு என்ன ஆகப்போகுது? அந்த டீச்சர்கிட்ட வாசிங்க. மத்த முப்பத்தொண்ணும் அங்கதானே உட்கார்ந்திருக்கு."

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. பள்ளியில் பன்னிரண்டுக்கு இடைவேளை. அப்போதுதான் டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து கைப்பேசியை எடுப்பார். நான் பேசுகிறேன் என்று சொன்னேன். நயமாகப் பேசுவதுதானே எனக்குச் சோறு போடும் தொழில்? ஒரு வாக்கியம் பேசிக் காட்டினேன். "அன்புள்ள ஆஹிரியை அவர்ஹளுக்கு..."

"நீ பேசினா குடிச்சிட்டுக் கூப்பிடுறான்னு போலீஸுக்குப் போயிடுவாங்க," என்றார் அக்கா. "தள்ளு."

"பள்ளிக்கூட ஆபீஸுக்கே போடலாமே?"

"போட்டா ஹெட்மாஸ்டர் எடுப்பாரு. அவருகிட்ட அந்த வார்த்தையை வாசிச்சா நாளைக்கு நம்ம குரூப்பும் இருக்காது, அந்த டீச்சர் வேலையும் இருக்காது."

அடுத்து, எதை முதலில் சொல்வது என்று பெரிய விவாதம். மன்னிப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நான். கண்ணாடி துடைக்கிறவர், தப்பு தன்னுடையது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், தானே சொல்கிறேன் என்றார். நடுவில் அக்காவின் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: *அம்மா, பட்டியல்ல சேர்க்காத உன் நூத்தி நாப்பத்து நாலாவது காலேஜ் பூரா பரவிடுச்சு. அப்பா மூணு ஊசியில நூல் கோர்த்துட்டு உட்கார்ந்திருக்காரு.* மூன்று ஊசி! அந்த வீட்டு வரலாற்றிலேயே இல்லாதது. அக்காவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது.

"கேளுங்க," என்றார் எங்கள் இருவரிடமும். "முதல்ல 'குஞ்சு இருக்கு, சுவரைப் போடுங்க'. அந்த ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள அவங்க வச்சிடக் கூடாது. அப்புறம் அவங்க வெளியே வராந்தாவுக்கு வரட்டும். நான் வாசிக்கிறேன். முழுசா. ஒரு எழுத்து குறைக்க மாட்டேன். அதுக்கப்புறம் சேர்த்துக்கிறதும் சேர்த்துக்காததும் அவங்க இஷ்டம். ஆனா பிள்ளைங்க இதைப் பார்த்தாகணும்."

"வாசிச்சிடுவீங்களா அக்ஹா? இதுவரைக்கும் ஒருத்தராலயும் முடியலையே."

அவர் உள்ளங்கையைப் பழைய துணியில் துடைத்தார். இருபத்தேழு வருடமாகப் போல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் சொல்லிப் பழகிய வாய், இப்போது எச்சில் விழுங்குவதைப் பார்த்தேன். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்த அன்றும் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்னவோ.

பன்னிரண்டு. தூரத்தில் பள்ளி மணியா என் காதின் இரைச்சலா தெரியவில்லை. அக்கா எண்ணைத் தட்டினார். ஒலிபெருக்கியில் போட்டு, கைப்பேசியைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின்மேல், நாங்கள் மூவரும் பார்க்கும்படி வைத்தார்.

மறுமுனையில் ஒரு மணி அடித்தது.

வெளியே எதிர்க் கட்டடத்திலிருந்து தாய் வல்லூறு கீச்சென்று கூப்பிட்டது.

இரண்டு.

அவசரக்குடுக்கை இறக்கையை முழுதாக விரித்தது. இவ்வளவு நீளமா! நேற்றுவரை கையளவுப் பஞ்சு உருண்டையாக இருந்ததே!

மூன்று. என் கைப்பேசியில் ஒற்றை டிக் அப்படியே இருந்தது.

நான்கு. "எடுங்க டீச்சர், எடுங்க," என்று கண்ணாடி துடைக்கிறவர் இரண்டு கைகளாலும் தன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

ஐந்து. குஞ்சு ஒரு காலை மாற்றிவைத்தது. நகம் சிமெண்டில் கீறும் சத்தம்கூடக் கேட்டது எனக்கு. தலையை முன்னால் நீட்டி, இருபத்திரண்டு மாடிக்குக் கீழே ஓடும் தெருவைப் பார்த்தது.

"இரு!" என்றார் அக்கா அதனிடம், கெஞ்சலாக. "கண்ணு, ஒரே நிமிஷம். பிள்ளைங்க வரட்டும்."

ஆறு.

அது உடம்பைத் தாழ்த்தியது. காற்று அதன் மார்பு இறகுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. அக்கா ஒரு கண்ணை ஜன்னலிலும் ஒரு கண்ணைக் கைப்பேசியிலும் வைத்து, முதல் சொல்லை உதட்டில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏழாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.